பழைய கணப்பில் புதிய அடுப்பு



தமிழ்நாட்டின் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிர் என்பது மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றுதான். தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் சூடான காப்பியை ஏந்திவிட்டால் அந்தக் குளிரும் விடைபெற்றுக்கொள்ளும். அறையைத் தீ மூட்டிச் சூடாக்கும் கலையை நம் முன்னோர் நமக்குக் கற்பிக்கவில்லை. கற்பிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆதலால் தொழிலின் பொருட்டு வெளிமாநிலங்களிலே குடியேறும் தமிழர், குளிர்காலத்தில் தீயைக் கையாளும்போது சில பிழைகளைச் செய்துவிடுகிறார்கள். அவற்றுள் ஒன்று உயிருக்கே உலை வைப்பது.

புனே நகருக்கும் லோனாவளாவுக்கும் இடையே தளேகாவ் என்றோர் ஊர் இருக்கிறது. மராட்டியப் பேரரசில் சேனாபதிகளாக விளங்கிய தாபாடே வமிசத்தாரின் ஊர். அதனால் தளேகாவ் தாபாடே என்பதே அதன் முழுப் பெயர். 1858-ஆம் ஆண்டில் கண்டாலாவுக்கும் புனேவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது அந்தப் பாதையில் அமைந்தது. இன்று அதைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வண்டிகள் செய்துவரும் ஹூண்டாய் நிறுவனம், தளேகாவில் இருந்த ஒரு பழைய வண்டித் தொழிற்சாலையை வாங்குவதற்கு 2023-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆகவே அந்தப் பக்கத்துக் கடைவீதியில் தமிழ் கேட்பது இப்போது வியப்பன்று. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ ஈராயிரம் அடி உயரத்தில் இருப்பதால், டிசம்பர், ஜனவரி மாதத்து இரவுகளில் குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை இறங்குவதுண்டு. சிம்லாவில் வாழ்பவர் இதைக் கேட்டால் நகைப்பார். கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் எழுபத்தைந்து வயது மூதாட்டிக்கு அது நகைப்புக்குரிய செய்தி அன்று.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். என் நண்பர் ஒருவர் தளேகாவில் ஒரு பழைய கல் பங்களாவை வாடகைக்கு எடுத்தார். உயர்ந்த கூரை, மங்களூர் ஓடு, கூடத்தின் ஒரு சுவரிலே ஒரு கணப்பு. ஐரோப்பியர் வழக்கப்படி சுவருக்குள் மாடம்போலக் கட்டி, மேலே புகைபோக்கி வைத்து, விறகு எரிப்பதற்காக அமைத்த இடத்தையே கணப்பு என்கிறேன். பல ஆண்டுகளாக அதன் வாய் ஒரு பலகையால் மூடப்பட்டிருந்தது. குளிர் மிகுந்த ஓர் இரவு, நண்பர் அந்தப் பலகையை எடுத்துவிட்டு, ஒரு குமுட்டி அடுப்பில் கரியைக் கனலவைத்து மாடத்தினுள்ளே வைத்தார். புகை வந்தால் புகைபோக்கி வழியே போய்விடும் என்பது அவர் எண்ணம். குளிர்காற்று வராதபடி ஜன்னல்களையெல்லாம் சாத்தினார். புகையே வரவில்லை. அனைவரும் கூடத்திலேயே படுத்துக்கொண்டார்கள்.

நள்ளிரவில் அவருடைய மனைவிக்கு மண்டையைப் பிளப்பதுபோல் தலைவலி. எழுந்தால் கால் தள்ளாடுகிறது. குழந்தை வாந்தி எடுத்துவிட்டு, எழுப்பினால் எழாமல் துவண்டு கிடக்கிறது. இரவு உண்டது ஒவ்வவில்லை என்று எண்ணியே, அடுத்த வீட்டு மராட்டிய மூதாட்டியை—பிள்ளைகள் ‘ஆஜி’ என்று அழைப்பார்கள்—உதவிக்கு அழைத்தார்கள். அந்த அம்மாள் உள்ளே அடி வைத்ததும் கேட்ட முதற் கேள்வி, “ஷேகடி எரிகிறதா?” என்பதுதான். விடை வருமுன் கதவுகளைத் திறந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். அனைவரும் பிழைத்தார்கள். மறுநாள் கொத்தனார் கூரைமேல் ஏறிப் பார்த்தபோது, மழைநீர் இறங்காதிருக்க எவரோ முன்னொரு காலத்தில் புகைபோக்கியின் உச்சியை ஒரு கல்பலகையால் மூடிச் சாந்து பூசியிருந்தது தெரியவந்தது.

இதிலே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நண்பர் அன்றிரவு விறகை எரித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கூடம் முழுவதும் புகை கவிந்திருக்கும்; கண் எரிந்து, இருமி, அனைவரும் வெளியே ஓடியிருப்பார்கள். கரி புகையாது. ஆனால் கரி கனலும்போதுதான் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு மிகுதியாகப் பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருள், உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். உறங்குகிறவர் உறக்கத்திலேயே மயங்குவார். டெல்லியிலும் காஷ்மீரத்திலும் மட்டுமன்றி, நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கூட, அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை நாம் படித்திருக்கிறோம். ஆகவே கணப்பைப் பற்றிய முதற் பாடம் இது: கரியடுப்பை எந்த மாடத்திலும், எந்த அறையிலும் கனலவைத்துக்கொண்டு உறங்கலாகாது. புகை இல்லை என்பது அபாயம் இல்லை என்பதற்கு அறிகுறி ஆகாது.

நண்பர் அதன்பின் கணப்பை மூடிவிடவில்லை. அந்தப் பழைய மாடத்தைச் செப்பனிட்டு, அதற்குள் கதவுடைய ஓர் இரும்பு விறகடுப்பைப் பொருத்த முடிவு செய்தார். ஆண்டுக்கு ஐந்தாறு வாரக் குளிருக்கு ஒரு மின்சாரக் கணப்பே போதுமே என்று நான் வாதாடினேன். சிறிய அறையில் இருப்பவர்களுக்கு இன்றும் என் யோசனை அதுதான். ஆனால் அவருடைய கூடம் பெரிது. வீட்டுத் தோட்டத்திலே உலர்ந்த விறகு நிறைய இருந்தது. மின்சாரமோ அடிக்கடி நின்றுபோகும் பகுதி. அவர் செய்த வேலையை அருகிருந்து பார்த்தேன். மலை நகரங்களில் பழைய வீடுகளில் வாழும் நேயர்கள் பலருக்கும் அது பயன்படக்கூடும்.

முதலில் ஒரு வினா எழும். கணப்பு இருக்கும்போது அதிலேயே விறகை எரித்தால் என்ன? எரிக்கலாம், ஆனால் திறந்த கணப்பு ஒரு பெருந்தீனிக்காரன். எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்கு வந்தால் அதிகம். எஞ்சியது புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. அதுமட்டுமன்று, எரிவதற்குத் தேவையான காற்றைப் போலப் பன்மடங்கு காற்றை அறையிலிருந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. அதற்கு ஈடாகக் கதவிடுக்குகளின் வழியே குளிர்காற்று உள்ளே நுழைகிறது. முன்புறம் வேகும், முதுகுப்புறம் நடுங்கும். 1796-இல் ரம்ஃபோர்டு பிரபு என்ற அறிஞர் இதை ஆராய்ந்து, கணப்பின் தொண்டையைக் குறுக்க வேண்டும், பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைக்க வேண்டும் என்று காட்டினார். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தீயை இரும்புப் பெட்டிக்குள் அடக்கும் ஒரு முறையை வகுத்திருந்தார். இன்றைய இரும்படுப்புகள் அந்த வழியில் வந்தவை. நன்கு செய்த அடுப்பொன்று, விறகின் வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கை அறைக்குத் தருகிறது.

இந்தத் தீனியின் விலையை நம் நீலகிரி கொடுத்திருக்கிறது. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் உதகையில் கல்வீடு கட்டிய பிறகு, ஐரோப்பியர் வீடுகள் வரிசையாக எழுந்தன. குளிரூரில் எழுந்த வீடுகளாதலால் கணப்புகளும் எழுந்தன. சில பத்தாண்டுகளிலேயே அருகிலிருந்த சோலைக் காடுகள் விறகுக்காகக் குறைந்தன. விரைவில் வளரும் மரம் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். இன்று உதகைக்குச் செல்பவர்கள் இயற்கை அழகென்று வியந்து பார்க்கும் தைலமரத் தோப்புகளில் பல, அடுப்புக்காகவும் கணப்புக்காகவும் பிறந்தவை.

சரி, இரும்படுப்பை வாங்கிக் கணப்புக்குள் வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். விற்பவரும் அதற்கு மேல் சொல்வதில்லை. அடுப்பு என்பது பாதிதான்; மறுபாதி புகைபோக்கி. புகைபோக்கி வெறும் துவாரம் அன்று. சூடான வாயு இலேசானதால் மேலெழுகிறது; அது எழும் வேகத்தில் கீழேயிருந்து புதுக்காற்றை அடுப்புக்குள் இழுக்கிறது. இந்த இழுப்புக்கு இரண்டு காரணங்கள்: புகைபோக்கியின் உயரம், உள்ளேயிருக்கும் வாயுவின் சூடு. அடுப்பின் தலையிலிருந்து உச்சி வரை பதினைந்து அடியாவது இருத்தல் நலம். சூட்டைக் காப்பதோ அகலத்தைப் பொறுத்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நண்பர் வீட்டுப் பழைய புகைவழி பதினான்கு அங்குலத்துக்கு ஒன்பது அங்குலம். அதாவது 126 சதுர அங்குலம். திறந்த தீயின் பெரும் காற்றோட்டத்துக்கு அது பொருந்தும். அடுப்பிலிருந்து வெளிவரும் குழாயோ ஆறங்குல விட்டம். ஏறத்தாழ 28 சதுர அங்குலம். சிறிய குழாயிலிருந்து வரும் புகை நாலரை மடங்கு அகன்ற வழிக்குள் நுழைந்தால், மெலிந்த வாய்க்கால் நீர் ஏரிக்குள் புகுந்ததுபோலத் தயங்கி நிற்கும். நிற்பதால் குளிரும். ஒரு கிலோ உலர்ந்த விறகு எரிந்தாலும் அரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது. புகை ஏறத்தாழ 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால், அந்த நீராவியும் எரியாத எண்ணெய்ப் பொருள்களும் சுவரில் படிந்து, கீலைப் போன்ற கரும்பிசினாக இறுகும். பிறகு ஒருநாள் பெருந்தீ மூட்டும்போது அந்தப் பிசின் தீப்பற்றிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் எழும் அந்தத் தீ ஆயிரம் டிகிரியையும் எட்டும்; வெடித்த சாந்தின் வழியே கூரை மரத்துக்குத் தாவும். ஆதலின் பழைய வழிக்குள் அடுப்பின் அளவுக்கேற்ற குழாய் ஒன்றை உச்சிவரை இறக்குவதே முறை.

ஆனால் குழாய் இறக்குமுன் செய்ய வேண்டிய வேலைகள்தாம் அதிகம்.

முதலில் பார்வையிடுதல். நண்பகலில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைக் கணப்பின் அடியில் சாய்த்துப் பிடித்தால், நேரான புகைவழியாயின் உச்சியில் ஒரு துண்டு வானம் தெரியும். தெரியாவிடில் வழி வளைந்திருக்கலாம், அல்லது அடைபட்டிருக்கலாம். கூரைமேல் ஏறிப் பார்க்காமல் தீர்மானிக்கலாகாது. நண்பர் வீட்டில் மேலே கல்பலகை. அதன் கீழே மைனாக் கூடுகளின் குச்சிகள் ஒரு சாக்கு அளவுக்கு. சில வீடுகளில் தேன்கூடு இருக்கும். அதைத் தீயிட்டு விரட்ட முயலுதல் பேதைமை. மெழுகு உருகித் தீப்பற்றும். தேனீக்கள் கூடத்துக்குள் இறங்கும். புனேவிலேயே 1962 முதல் மத்தியத் தேனீ ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் இருப்பதால், பயிற்சி பெற்ற தேனீ வளர்ப்போரை அப்பகுதியில் தேடிப் பிடிப்பது கடினமன்று.

அடுத்தது துடைத்தல். கணப்பின் வாயை ஈரத்துணியால் மூடிக்கட்டி, நீண்ட மூங்கிற்கழி அல்லது வளையும் பிரம்பில் கட்டிய தூரிகையால் கீழிருந்து மேலாகத் துடைப்பார்கள். விழும் புகைக்கரியை மூச்சில் இழுக்கலாகாது. முகமூடி அணிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் புகைபோக்கி துடைத்த சிறுவர்கள் பிற்காலத்தில் ஒருவகைப் புற்றுநோய்க்கு ஆளானதை 1775-இல் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எழுதினார். தொழிலால் புற்றுநோய் வரும் என்று உலகம் அறிந்துகொண்டதே அந்தக் கரியிலிருந்துதான்.

துடைத்தபின் கணப்பின் மாடத்தைத் திறக்க வேண்டும். நாம் கண்ணால் காணும் சிறிய மாடம் பெரும்பாலும் உண்மையான மாடம் அன்று. கட்டியவர்கள் முதலில் ஒரு பெரிய வாயை விட்டு, பின்னர் அதற்குள்ளே தீச்செங்கல்லால் சிறிய கூடு ஒன்றைக் கட்டி, இடைவெளியில் கல்லையும் மண்ணையும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். இரும்படுப்புக்கு இருபக்கமும் பின்புறமும் நாலைந்து அங்குலமாவது வெற்றிடம் வேண்டும். இல்லையேல் அதன் சூடு கூடத்துக்கு வராமல் சுவருக்கே போய்ச் சேரும். ஆகையால் அந்தச் சிறு கூட்டை இடித்து வெளியே எடுக்க வேண்டும். இடிக்குமுன் ஒன்றை மறவாதீர்கள்: வாயின் மேலே சுவரைத் தாங்கும் உத்தரக்கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும். பிற்காலத்தில் கட்டிய கூடே மேற்சுவரைத் தாங்கி நிற்கும் வீடுகளும் உண்டு. அங்கே முட்டுக் கொடுக்காமல் இடித்தால் சுவர் மடிமேல் வந்து விழும். நண்பர் வீட்டில் உத்தரக்கல் முழுதாக இருந்தது. ஆனால் வேறொரு திடுக்கிடும் காட்சி கிடைத்தது. கூரையைத் தாங்கும் ஒரு தேக்கு விட்டத்தின் முனை, புகைபோக்கிச் சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருந்தது! அந்த முனை கரியாகிக் கிடந்தது. சுவருக்குள் புதைந்த மரம் பல ஆண்டுகள் சூட்டில் வாடி, ஒருநாள் சுடரின்றியே கனியத் தொடங்கும். அந்த முனையை அறுத்து, சுவருக்கு வெளியே ஒரு கல்தாங்கியின்மேல் உட்காரவைத்தார்கள். இந்த ஒரு வேலைக்கே மூன்று நாள் ஆயிற்று. அதுவே எல்லாவற்றிலும் முக்கியமான வேலை என்பது என் கருத்து.

வெளிமாநிலத்தில் கொத்தனாரோடு பேசுவது ஒரு தனிக் கலை. மராட்டியில் கொத்தனாருக்கு ‘கவண்டி’, புகைபோக்கிக்கு ‘துராடே’, புகைக்கரிக்கு ‘காஜளி’ என்று பெயர். இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டே நண்பர் பாதி வேலையை முடித்துவிட்டார். சாந்தைப் பற்றி மட்டும் ஒரு சர்ச்சை நேர்ந்தது. கொத்தனார் சிமெண்டைக் கொண்டுவந்தார். தீப்படும் இடத்தில் சிமெண்டுச் சாந்து வெடிக்கும். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தோடு ஒட்டவும் ஒட்டாது. வெடிப்புகளைச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தாலும், தீ நேரே படும் இடத்தைத் தீச்செங்கல்லும் தீக்களிமண்ணும் கொண்டும் பூசினார்கள். தக்காணத்துக் கருங்கல் உறுதியானதுதான். ஆனாலும் ஈரம் ஏறிய கல் நேரான சூட்டில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

தரை அடுத்தது. அடுப்பின் கீழே எரியாத பலகைக்கல் இருத்தல் வேண்டும். அது கதவுப் பக்கம் ஓரடியும், மற்றப் பக்கங்களில் அரையடியும் வெளியே நீண்டிருக்க வேண்டும். கதவைத் திறக்கும்போது தெறிக்கும் பொறி அந்தக் கல்லிலேயே விழுந்து அணைய வேண்டும். மஹாராஷ்டிரத்தில் எங்கும் கிடைக்கும் ஷாஹாபாத் கல்லையே நண்பர் பாவினார். கணப்புக்கு மேல் அழகுக்காக வைத்திருந்த மரப்பலகை எடுக்கப்பட்டது. ஒற்றைத் தகட்டுக் குழாயிலிருந்து எந்த மரமும், அக்குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆறங்குலக் குழாய்க்கு ஒன்றரை அடி. அந்தப் பலகையில் வீற்றிருந்த பிள்ளையார் பூஜை அறைக்குக் குடிபெயர்ந்தார்.

இப்போது குழாய். நம் வீடுகளில் எவர்சில்வர் என்று சொல்லும் துருவேறா எஃகின் இனத்திலேயே, 316 என்ற எண்ணுள்ள உயர்ந்த வகை இதற்கு ஏற்றது. பாத்திரத்துக்கான மட்டரக வகை, புகையின் அமிலத்தால் சில ஆண்டுகளில் அரித்துவிடும். துத்தநாகம் பூசிய நீர்க்குழாய் மலிவென்று வாங்காதீர்கள். சூட்டில் துத்தநாகம் நச்சுப் புகையாகும். பழைய கல்நார்ச் சிமெண்டுக் குழாய் உள்ளே இருப்பின் அதை உடைக்கவும் வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். முறையறிந்தவரைக் கொண்டு நனைத்து, முழுதாகவே எடுக்க வேண்டும். குழாயை மேலிருந்து இறக்கி, அதற்கும் பழைய சுவருக்கும் இடையே உள்ள வெளியை வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத் துகளால் நிரப்பினார்கள். அது புகையின் சூட்டைக் காக்கும். கீழே, மாடத்தின் மேல்வாயை ஒரு எஃகுத் தகட்டால் மூடி, குழாய்க்கு மட்டும் துளை விட்டார்கள். உச்சியில் மழைத்தொப்பி, பறவை நுழையாமல் கம்பிவலை. வலைக்கண் மிக நெருக்கமாக இருந்தால் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். முன்பு கல்பலகை செய்த துரோகத்தை வலை செய்யும்.

அடுப்பின் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். குளிர்நாடுகளில் பதினான்கு கன மீட்டர் அறைக்கு ஒரு கிலோவாட் என்று கணக்கிடுவார்கள். வெளியே உறைபனியும் உள்ளே இருபது டிகிரியும் வேண்டும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. நண்பரின் கூடம் பதினாறடிக்குப் பதினான்கடி, உயரம் பதினொன்று, ஏறத்தாழ எழுபது கன மீட்டர். குளிர்நாட்டுக் கணக்கில் ஐந்து கிலோவாட் வரும். தளேகாவில் வெளிக்குளிர் பத்து டிகிரி. ஆகவே நமக்கு உயர்த்த வேண்டிய சூடு பாதிதான். இரண்டரை கிலோவாட் போதும். விற்பனையாளரோ எட்டு கிலோவாட் அடுப்பைக் காட்டினார். பெரிய அடுப்பை வாங்கினால் அறை வெந்துபோகும். வெந்துபோகாதிருக்கக் காற்றுவாயை அடைப்போம். காற்று குறைந்தால் விறகு எரியாமல் புகைந்து, பிசினும் நச்சுவாயுவும் பெருகும். சிறிய அடுப்பைச் சுடர்விட்டு எரியவிடுவதே சரி. சந்தையில் கிடைத்தவற்றுள் மிகச் சிறியதை நண்பர் வாங்கினார்.

விறகிலும் கணக்கு உண்டு. உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ நான்கு கிலோவாட்-மணி வெப்பம் தரும். அடுப்பில் எரித்தால் நண்பரின் கூடத்துக்கு மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. திறந்த கணப்பில் அதே சூட்டுக்கு ஆறு கிலோவுக்கு மேல். அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் பாதி வரை நீர். அதை எரிப்பது நீரைக் காய்ச்சிப் புகைபோக்கியில் ஊற்றுவதற்குச் சமம். பிளந்து, ஓராண்டு நிழலும் காற்றும் படும்படி அடுக்கிவைத்து, நீர் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போனபின் எரிக்க வேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் ‘டங்’ என்று கணீரென ஒலிப்பது உலர்ந்ததற்கு அடையாளம். கருவேலும் மாவும் நல்ல விறகு. வண்ணம் பூசிய பழைய ஜன்னல் சட்டங்கள், ஒட்டுப்பலகை, பெட்டிப்பலகை ஆகியவற்றை எரிக்கவே கூடாது. தோட்டத்து மரமாயினும் நகராட்சி எல்லைக்குள் அனுமதியின்றி வெட்டலாகாது. அதற்கென்றே மஹாராஷ்டிரத்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு.

எல்லாம் பொருத்தியபின் சோதனை. ஒரு ஊதுபத்தியை ஏற்றி அடுப்பின் வாயருகே பிடியுங்கள். அதன் புகை உள்ளே சாய்ந்தால் இழுப்பு இருக்கிறது. வெளியே வந்தால் இல்லை. அடுத்து, சமையலறையில் உள்ள மின்சாரச் சிம்னியை முடுக்கிவிட்டு மறுபடி பிடியுங்கள். இன்றைய வீடுகளில் இதுதான் மறைந்திருக்கும் பகை. சமையலறை விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளும்போது, அந்த வெற்றிடத்தை நிரப்பப் புகைபோக்கியின் வழியே காற்றுக் கீழிறங்கும். அடுப்பின் நச்சும் அதோடு இறங்கும். நண்பர் வீட்டில் அப்படியே நேர்ந்தது! கூடத்தின் வெளிச்சுவரில், எவரும் அடைக்க முடியாதபடி ஒரு சிறு காற்றுத்துளை அமைத்த பிறகுதான் ஊதுபத்தியின் புகை உட்புறம் சாய்ந்தது. அதன்பின் ஈர வைக்கோலைப் புகைத்து, உச்சியிலே புகை வந்ததும் அதை நனைந்த சாக்கால் மூடி, சுவர்களிலும் பரணிலும் எங்கேனும் கசிகிறதா என்று பார்த்தார்கள். அவ்வேளையில் குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே அனுப்பிவிட வேண்டும். இறுதியாக, கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டினார்கள். அது இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்று நண்பரின் மனைவி சொல்லிவிட்டார். அவர் சொன்னதே நியாயம்.

புகைபோக்கி கட்டுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. வார்தாவில் காந்தியடிகளின் கிராமத் தொழிற்சங்கத்தார் உருவாக்கிய மகன் சூலாவும், ஐதராபாத்தில் எஸ். பி. ராஜூ என்ற பொறியியலறிஞர் 1953-இல் வெளியிட்ட புகையில்லா அடுப்பும், தாய்மார்களின் கண்ணையும் நெஞ்சையும் காக்கப் பிறந்தவை. 1980-களில் மத்திய அரசு பெரிய திட்டமாகவே அத்தகைய அடுப்புகளைப் பரப்பியது. பிற்காலத்தில் ரீமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவர் ஒடிசாவில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் பெண்கள் மூச்சில் இழுத்த புகை குறைந்தது. அதன்பின் அந்தப் பயன் மறைந்துபோயிற்று. அடுப்பைச் செப்பனிடுவாரும் இல்லை. தொடர்ந்து முறையாகப் பயன்படுத்துவாரும் குறைவு. புகைபோக்கி துடைப்பது எவர் வேலை என்று வீட்டில் எழுதி வைக்கப்படுவதில்லையே!

நண்பர் எழுதி வைத்திருக்கிறார். சமையலறை நாட்காட்டியில் அக்டோபர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இரண்டிலும் ‘காஜளி’ என்று குறித்திருக்கிறது. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, இரண்டு நாள் முற்றத்தில் வைத்த பிறகே செடிகளுக்கு இடுகிறார்கள். கனல் சாம்பலுக்குள் அவ்வளவு நேரம் ஒளிந்திருக்கும். ஜூன் மாதம் மழை தொடங்குமுன் அடுப்பின் உட்புறத்தைச் சுத்தமாகத் துடைத்து, காற்றுவாயை ஒரு விரலளவு திறந்து வைப்பார்கள். மழைக்கால ஈரம் உள்ளே தங்கினால் இரும்பு துருவேறும். காற்று மெல்ல ஓடினால் ஏறாது. கும்பகோணத்து அம்மாள் இந்த ஆண்டும் மார்கழிக்குத் தளேகாவ் வருவதாகக் கடிதம் எழுதியிருக்கிறார்.